பச்சைக் காரின் காய்ச்சல்

கார் பானெட் சூடாக இருக்கிறது என்பதைக் குன்னூரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் சூசைதான். அது அவனுடைய டிங்கர் பட்டறையில், அவனே அடித்த மரச் சட்டத்தின் மேல், அவன் மூக்குக்கு நேராகத்தான் கிடந்தது. ஆனாலும் முதலில் அது தெருப்பூனைக்குத் தெரிந்தது, பூனையைத் தேடிவந்த பக்கத்து ஆப்பக் கடை பாத்திமுத்துவுக்குத் தெரிந்தது, பாத்திமுத்துவுக்குத் தெரிந்த பிறகு மார்க்கெட்டுக்குத் தெரியாமல் இருக்குமா, மார்க்கெட்டிலிருந்து அந்தச் செய்தி மலை ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஏறி வெலிங்டனில் இறங்கி அருவங்காடு வரைக்கும் போய்விட்டது. சூசை மட்டும் தினமும் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல், மூலையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தான்.

அவன் கை அப்படி. முப்பது வருஷம் கேஸ் வெல்டிங் தீக்குப் பக்கத்திலேயே இருந்த கை. உள்ளங்கைத் தோல் காய்த்து, வெந்து, ஆறி, மறுபடி காய்த்து, கடைசியில் மேடு பள்ளம் மட்டும்தான் அதற்குத் தெரியும் என்று ஆகிவிட்டது. முடி அளவு பள்ளத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கின டீ கிளாஸை அப்படியே ஏந்தி நிற்கும். "உங்க கையில மாவை ஊத்தினா தோசை வெந்துரும், உங்களுக்குத் தெரியாது" என்று அவன் மனைவி லூர்து கேலி பண்ணுவாள். அவனும் சிரிப்பான். அது சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

பானெட் கிரிதரன் சாருடையது. தேயிலை ஏலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. ஸ்போர்ட்ஸ் கார், கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம், வெள்ளைக்காரத் துரை ஒருவன் விட்டுப்போனது, பச்சை நிறம். சித்திரையில் பழைய கார்களெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து வரிசையாக மலையேறும் நாளில் தன் காரையும் ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் ஒன்பதாவது வளைவு வந்ததும் எஞ்சின் கொதித்து, மூக்கில் புகை விட்டு நின்றுவிடும். கோயம்புத்தூர் மெக்கானிக் பெரிய கார்புரேட்டர் இரண்டு மாட்டிக் கொடுத்தான். எஞ்சினுக்குத் தெம்பு வந்தது, பானெட் மூட மறுத்தது.

"சூசை, நடுவுல ஒரு மேடு தூக்கணும். அப்புறம் சூடு வெளிய போக மூணு வரிசை செவுள் வெட்டணும். மீனுக்கு இருக்கே, அந்த மாதிரி" என்றார் கிரிதரன்.

"மேடு முதல்ல, செவுள் கடைசியில சார். வெட்டின தகட்டுல மேடு தூக்கினா கிழிஞ்சிரும்" என்றான் சூசை. லூர்து ஸ்கேலும் தண்ணீரில் அழியாத மெழுகு சாக்பீஸும் எடுத்துவந்து, பானெட்டின் மேல் வரிசைக்குப் பதினெட்டாக மூன்று வரிசைக் கோடு போட்டுக் காண்பித்தாள். கிரிதரனுக்கு அந்தக் கோடுகளே போதும் போலிருந்தது, அவ்வளவு நேர்த்தி.

சின்னத் தகடு என்றால் ஒரே ஆள் போதும். பானெட் மாதிரி அகலத் தகட்டுக்கு ஆள் இரண்டு வேண்டும், மேல் கை ஒன்று, கீழ் கை ஒன்று. மேலே நின்று கொட்டாப்புளியால் அடிப்பவனை ஊர் பார்க்கும், பாராட்டும். கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, சோப்புக் கட்டி அளவு இரும்புக் கட்டையைத் தகட்டின் அடியில் ஏந்திப் பிடிப்பவளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அடி எங்கே விழுகிறதோ அங்கே கட்டை அதற்கு முன்பே வந்து நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் தகடு குழிந்து சொட்டையாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக சூசைக்குக் கீழ் கை லூர்துதான். அவன் லேசாக இரண்டு தட்டு தட்டினால் கட்டை இடதுபக்கம் நகரும், ஒரு தட்டுக்கு வலதுபக்கம், அதுவும் ஆரம்ப காலத்தில்தான். பிறகு தட்டே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சண்டை போட்ட நாட்களில்கூட கட்டை சரியான இடத்தில்தான் வந்து நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேடு முக்கால்வாசி எழும்பிவிட்ட நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லூர்து சட்டத்தின் அடியிலிருந்து வெளியே வந்து அவன் வலது கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"உடம்பு கணகணன்னு இருக்குங்க. தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டுப் பார்த்தான். நெற்றி வழவழப்பாக இருந்தது, மேடு பள்ளம் எதுவும் இல்லை.

"சூடே இல்லையே. குளிருக்கு அப்படித்தான் இருக்கும். இந்த ஓரத்தை மட்டும் முடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கோ."

காலையிலிருந்து சாயங்காலம் வரை சூட்டோடு பிழைக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவள் மறுபடி அடியில் போய் உட்கார்ந்தாள். அந்த ஓரம் முடிந்து மேடு முழுதாக எழும்ப நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் கட்டை இடம் தவறவில்லை. ஐந்தாம் நாள், மேட்டைச் சீர்பார்க்கும்போது, ஒரு அடிக்குக் கட்டை வரவில்லை, தகடு சொட்டையானது, சூசைக்குக் கோபம் வந்தது, குனிந்து பார்த்தான், அவள் கட்டையைப் பிடித்தபடியே சாய்ந்துகிடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நுரையீரல் இரண்டிலும் நிமோனியா முற்றிவிட்டது என்றார் டாக்டர். மறுநாள் மத்தியானம் லூர்து இறந்துபோனாள்.

ஏழாம் நாள் பூசைக்கு வந்த கிரிதரன், "பானெட் அப்படியே கிடக்கட்டும் சூசை, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள்தான் பூனை அதன் மேல் ஏறிப் படுத்தது.

சூசையிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தவள் பாத்திமுத்து. மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாள்.

"சூசைண்ணே, உங்க பானெட்டு மேல இந்தச் சட்டியை ரெண்டு மணி நேரம் வச்சுக்கட்டுமா? கோச்சுக்காதீங்க, ஏற்கெனவே நாலு நாளா வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதுக்கு இங்க வந்து வைக்கணும்?"

"எதுக்கா? சூடா இருக்குல்ல! இந்தக் குளிர்ல மாவு பொங்க மாட்டேங்குது. இங்க வச்சா சும்மா நுரைச்சுக்கிட்டு வருது."

சூசை எழுந்துபோய்ப் பானெட்டில் கையை வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கையால பாக்காதீங்கண்ணே. கன்னத்தை வைங்க."

குனிந்து கன்னத்தை வைத்தான். வெயிலில் கிடந்த தகடு சுடும், தீயில் காட்டின தகடு கடிக்கும், இது இரண்டும் இல்லை. இது ஆள் சூடு. ஒரே போர்வைக்குள் பக்கத்தில் படுத்திருப்பவரின் முதுகிலிருந்து வருமே, அந்தச் சூடு. சூசை கன்னத்தை எடுக்கவில்லை. பாத்திமுத்து சட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் சூசை சந்தோஷமாக இருந்தான் என்று சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும், ஆனால் இருந்தான். சாப்பாட்டுத் தட்டைப் பானெட்டில் வைத்துச் சாப்பிட்டான், கன்னத்தை வைத்துக்கொண்டே மழையைப் பார்த்தான், பாதிரியாரின் ஸ்கூட்டருக்கு மட்கார்டு நிமிர்த்தியதையும் மீன்காரன் வேனுக்குக் கதவு மாற்றியதையும் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கோ அது கார்த்திகைக் குளிர். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாத, தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகிற குளிர். அந்தக் குளிரில் ஓர் இடத்தில் சூடு இருக்கிறது என்றால் நீ எங்கிருந்து வருகிறாய் என்று யார் அதைக் கேட்பார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. வந்தார்கள், கையை நீட்டினார்கள், "அப்பாடா" என்றார்கள்.

கூட்டம் சேர்ந்ததும் பாத்திமுத்து வரிசை வைத்தாள். விடிந்ததும் மாவுச் சட்டிகள், அவளுடையது முதலில், அதில் பேச்சே கிடையாது. பத்து மணிக்கு மேல் கைக்குழந்தைகளின் துணி. மத்தியானம் மூட்டுவலிக்காரர்கள், படுகர் கிராமமான ஹட்டியிலிருந்து பெள்ளி கவுடர் தடி ஊன்றி வந்து, முழங்காலை அதில் சாய்த்துக்கொண்டு, தனக்கு இருபது வயது குறைந்துவிட்டதாகச் சொல்லுவார், மறுநாளும் அதையே சொல்லுவார். நாலு மணிக்குமேல் பள்ளிக்கூடத்துச் சாக்ஸ்கள். ஒரு பெட்டைக்கோழி யாரையும் கேட்காமல் வந்து, மேட்டுக்குப் பக்கத்தில் ஆறு முட்டை இட்டு, அதன் மேல் உட்காராமல் வெளியே மேய்ந்துவிட்டு வந்தது, ஆறும் பொரித்தன. பாதிரியார் வந்து பார்த்தார். "இதுக்கு யாரும் மெழுகுவத்தி ஏத்தி வைக்காதீங்க, இது காரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, போவதற்கு முன்னால் இரண்டு கையையும் நன்றாகச் சூடு காட்டிக்கொண்டு போனார். கிரிதரன் ஒருநாள் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இதை நான் எப்படி சூசை உன்கிட்ட திருப்பிக் கேக்குறது?" என்றார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் கமலவேணி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மகளின் சாக்ஸைக் காய வைக்கத்தான் வந்தாள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவளுக்கும் விளையாட்டுத் தோன்றி, பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து உதறி, மேட்டின் அடியில் சொருகி வைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் மறுபடி சொருகினாள். மறுபடி பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எவ்வளவு இருக்கு சிஸ்டர்?" என்றான் சூசை.

"நூத்தி மூணு."

"அப்படின்னா?"

"அண்ணே, அன்னிக்கு லூர்தக்காவைத் தூக்கிட்டு வந்தப்ப நான்தான் டூட்டியில இருந்தேன். நான்தான் பார்த்து எழுதினேன். அன்னிக்கும் நூத்தி மூணுதான்." கமலவேணி ஈரச் சாக்ஸை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் அது இறங்கவே இல்லண்ணே."

சூசை பானெட்டைப் பார்த்தான். அதன் மேல் நான்கு மாவுச் சட்டி இருந்தது, ஏழெட்டுக் குழந்தைத் துணி இருந்தது, கவுடரின் மப்ளர் இருந்தது. அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் மூன்று வாரமாகக் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தான். அவள் எங்கும் போகவே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த காய்ச்சலோடு இன்னும் அப்படியே கிடக்கிறாள். அவள் காய்ச்சலில் ஊர் மாவு பொங்கவைக்கிறது, அவள் காய்ச்சலில் அவன் சோறு தின்றிருக்கிறான். சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான், துணிகளை மடித்து அவரவர் கையில் கொடுத்தான், பட்டறையின் தகரக் கதவை இழுத்துச் சாத்தினான்.

பிறகு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, லூர்துவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து பானெட்டில் போட்டான். துணி ஆவி பறந்து உலர்ந்தது. மறுபடி நனைத்துப் போட்டான். அப்படி மூன்று நாள் போட்டுக்கொண்டே இருந்தான். செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டியதை மாசம் தாண்டிச் செய்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் பாத்திமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவன் கையிலிருந்த துணியை வாங்கி, தானே பிழிந்து போட ஆரம்பித்தாள்.

"என் கையைத் தூக்கி அவ நெத்தியில வச்சா, பாத்திமுத்து" என்றான் சூசை. "தொட்டுப் பாருங்கன்னா. நான் சூடே இல்லன்னு சொன்னேன். செத்த கை இது. இதை வச்சுக்கிட்டு நான் சொன்னேன்."

பாத்திமுத்து துணியைத் திருப்பிப் போட்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும், எல்லாச் சாவு வீட்டிலும் அவள்தான் சொல்லுவாள். அன்று அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

"அக்கா எங்கிட்டயும் சொல்லிச்சுண்ணே. வியாழக்கிழமை டீ வாங்க வந்தப்ப. மூஞ்சி செவசெவன்னு இருக்கே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் வான்னேன். 'அவரு தொட்டுப் பாத்துட்டாரு, ஒண்ணுமில்லையாம்'னுச்சு."

சூசை தரையில் உட்கார்ந்து அழுதான். பாத்திமுத்து அவனைத் தடுக்கவில்லை, துணி நனைத்துப் போடுவதையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஈரச் சேலையின் அடியில் தெரிந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டே, "இப்படி மூடி மூடி வச்சா எறங்குமாண்ணே? சூடு வெளிய போக வழி வேணாமா?" என்றாள்.

செவுள் வெட்டப்போகிறான் என்று தெரிந்ததும் ஊர் சட்டியும் கையுமாகத் திரண்டு வந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை, கெஞ்சத்தான் வந்தார்கள். இந்த மார்கழி மட்டும் போகட்டும், தை பிறந்ததும் வெட்டிக்கொள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். தன் முழங்காலுக்காகச் சொல்லவில்லை என்று பெள்ளி கவுடர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். பிறந்து இருபது நாளான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள்.

"உங்க வீட்டு ஆளுக்கு நூத்தி மூணு இருந்தா தை வரைக்கும் விட்டு வைப்பீங்களா?" என்று கேட்டான் சூசை.

கவுடர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிள்ளைக்காரி தலையை இல்லை என்று ஆட்டினாள்.

அவர்களிடம் அப்படிக் கேட்டுவிட்டானே தவிர, சூடு போனால் அவளும் போய்விடுவாள் என்பது அவர்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வெட்டாமல் வைத்துக்கொண்டால் அவன் இருக்கிற வரைக்கும் கன்னத்துக்கு ஓர் இடம் உண்டு. காலையில் உளியைத் தீட்டினான், வைத்துவிட்டான், டீ குடித்தான், தீட்டின உளியை மறுபடி தீட்டினான். கிரிதரன் வந்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "வண்டி ஓடலைன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல சூசை. உனக்காக மட்டும் யோசி" என்றார். சூசை எழுந்தான்.

கீழ் கைக்கு ஆள் வேண்டும். பாத்திமுத்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கேட்காமலே அந்த முக்காலியில் போய் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள். அவளுக்குத் தட்டு தெரியாது, அதனால் அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே, அங்கேதான், பிடி. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சட்டத்துக்கு மேலே நின்று கட்டைக்கு இடம் அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சாக்பீஸ் கோட்டின் மேல் உளியை வைத்து அடித்தான். தகடு கீறியது. கீழிருந்து கட்டை உந்த, கீறலின் ஓரம் உதடு மாதிரி மெல்ல எழும்பியது. அதன் வழியாகச் சூடு அவன் முகத்தில் வந்து மோதியது. மூச்சு மாதிரி இல்லை, பேச்சு மாதிரி இல்லை, வெறும் சூடு, அடைபட்டுக் கிடந்து வெளியே வருகிற சூடு.

ஒவ்வொரு செவுளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியேறியது. முதல் வரிசை முடிந்தபோது வாசலில் நின்றவர்கள் ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றினார்கள், இரண்டாம் வரிசையில் பட்டறைக்குள் புகுந்திருந்த பனிமூட்டம் விலகிக் கூரை தெரிந்தது, பிள்ளைக்காரி பிள்ளையின் துணியைத் தளர்த்தி அதன் வயிற்றில் சூடு படும்படிப் பிடித்துக்கொண்டாள், அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவளை முன்னால் விட்டார்கள். மூன்றாம் வரிசையில் கொட்டாப்புளியின் ஓசை மாறியது. "ஆறிக்கிட்டு வருதுண்ணே" என்று அடியிலிருந்து பாத்திமுத்துவின் குரல் கேட்டது.

கடைசிக் கோடு மிச்சம் இருந்தபோது சூசை நிறுத்தினான். குனிந்து, கன்னத்தை மேட்டின் மேல் வைத்தான். வெதுவெதுப்பு இருந்தது, விரலால் அணைத்த திரியில் இருக்குமே அவ்வளவுதான் இருந்தது. ஊர் காத்துக்கொண்டு நின்றது. பாத்திமுத்து கீழே கட்டையை ஏந்திக்கொண்டு, கை வலித்தும் இறக்காமல் இருந்தாள். அவன் நிமிர்ந்து, உளியை வைத்து, ஒரே அடியில் அதையும் வெட்டினான்.

விலகியிருந்த பனி மெல்ல உள்ளே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் பானெட்டின் மேடு, ஓரம், செவுளின் உதடு எல்லாம் முத்து முத்தாக நீர் அரும்பி நின்றது.

பாத்திமுத்து அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தாள். "வேர்த்திருச்சுண்ணே" என்றாள். "காய்ச்சல் விட்டிருச்சு."

சூசை தோள் துண்டை எடுத்து, நெற்றியைத் துடைப்பது போல முதலில் மேட்டைத் துடைத்தான், பிறகு ஓரங்களை, பிறகு செவுள்களை ஒவ்வொன்றாக. துடைத்த இடத்தில் மறுபடி அரும்பியது. மறுபடி துடைத்தான். துண்டு நனைந்ததும் பிழிந்து, மறுபடி துடைத்தான். கூட்டத்தில் நின்ற கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாத்திமுத்துதான் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்ணே. வேர்க்கட்டும். வேர்த்தாத்தான் நல்லாத் தூங்குவாங்க."

வாசலில் இருந்தவர்கள் தங்கள் சட்டிகளை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள். கவுடர் தடியை ஊன்றாமல் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். சூசை கொட்டாப்புளியை மேசையில் வைக்கப் போய், ஓசை வருமே என்று யோசித்து, துண்டை விரித்து அதன் மேல் வைத்தான்.